கடை மூடிய பிறகு...

குடிப்பவருக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் எது என்று கேட்டால், எல்லோரும் சாயங்காலம் ஆறு மணி என்பார்கள். வேலை முடிந்து, பையில் காசும் இருந்து, கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற நேரம். சரிதான்.

குடியை விட்டவரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் வேறு நேரம் சொல்வார். ராத்திரி ரெண்டு மணி!

டாஸ்மாக் கடையை 10 மணிக்கு மூடிவிடுவார்கள். தெரு அடங்கிவிடும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அப்போதுதான் குடியை விட்டவரின் மண்டைக்குள் ஒரு கடை திறக்கும். அந்தக் கடைக்கு லீவே கிடையாது. காந்தி ஜெயந்தி அன்றைக்கும் திறந்திருக்கும்!

இந்த வாரம் அந்த ரெண்டு மணியைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். 'எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே சார்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் உங்கள் தெருவில் ஒருவர் அந்த நேரத்தில் முழித்துக்கொண்டு இருப்பார்.

எங்கள் காட்பாடி காந்தி நகரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஆம்பூரில் தோல் ஷாப்பில் மேஸ்திரி. அவர் அப்பாவும் அதே தொழில்தான். காலையில் காட்பாடியில் ரயிலேறினால் ராத்திரிதான் திரும்புவார். பதினெட்டு வருஷக் குடி. ஒருநாள் காலையில் மிஷின் முன்னால் நின்றபோது கை நடுங்கியிருக்கிறது. 'இன்னிக்கு இந்தக் கை உள்ள போயிடும்' என்று பயந்துபோய் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பயம்தான் அவரை டாக்டரிடம் கொண்டுபோனது.

எங்கள் ஊரில் ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் டவுன் பஸ் ஏறினால் பாலாற்றுப் பாலம் தாண்டி, வேலூரைத் தாண்டி, கடைசியில் பாகாயம். அங்கேதான் சி.எம்.சி-யின் மனநல மையம் இருக்கிறது. முதலில், "பாகாயமா? எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார். அப்புறம் போனார். அண்ணியும் கூடவே போய்த் தங்கினார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார்கள். தெருவே சந்தோஷப்பட்டது.

ராத்திரியில் எழுதுகிற பழக்கம் உள்ளவன் நான். அவர் திரும்பி வந்து பத்துப் பதினோரு நாள் இருக்கும். ரெண்டு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்... லுங்கியோடு வாசலில் நடந்துகொண்டு இருக்கிறார்.

"என்னண்ணே, தூங்கலையா?"

"இன்னா பண்றதுப்பா... கண்ணை மூடினா மண்டையில ரயில் ஓடுது. குடிக்கணும்னு ஆசையே இல்ல. சத்தியமா இல்ல. தூங்கணும்னுதான் ஆசை. ஒரே ஒரு கட்டிங் போட்டா தூங்கிடுவேன்னு தோணுது பாரு... அதான் பயமா கீது."

அவர் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். குடிக்க ஆசையில்லை... தூங்கத்தான் ஆசை! ஜாலிக்காக மட்டுமே திரும்பவும் குடிக்கப் போகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். எத்தனையோ பேர் ஒரு ராத்திரித் தூக்கத்துக்காகத் திரும்பப் போயிருக்கிறார்கள். வாசலை இறுக்கிப் பூட்டிவிட்டு, தூக்கம் என்கிற கொல்லைக் கதவை நாம் திறந்தே வைத்திருக்கிறோம்.

குடியை விட்டால் உடம்பு தேறத்தானே வேண்டும்? தூக்கம் ஏன் கெடுகிறது?

மூளையை ஒரு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'காபா' என்கிற ரசாயனம் பிரேக். 'குளுட்டமேட்' என்பது ஆக்ஸிலேட்டர். மது உள்ளே போனால் பிரேக்கை அழுத்தும். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தும். அதனால்தான் குடித்தவருக்குக் கண் சொருகுகிறது. தினமும் இப்படியே நடந்தால் மூளை சும்மா இருக்குமா? 'பிரேக்கை இவனே அழுத்திக்கிறான். வண்டி ஓடணும்னா நாம ஆக்ஸிலேட்டரைக் கூட்டிக்குவோம்' என்று தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் அப்படியே ஓடும். ஒருநாள் மதுவை நிறுத்துகிறோம். பிரேக்கிலிருந்து கால் எடுத்தாயிற்று. ஆக்ஸிலேட்டர் மட்டும் அழுத்தியபடியே இருக்கிறது! வண்டி எப்படி நிற்கும்? அண்ணன் சொன்ன 'ரயில்' அதுதான்.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. காட்பாடி ஜங்ஷன் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு ராத்திரி பூராவும் ரயில் சத்தம்தான் தாலாட்டு. நீலகிரி, சேரன், ஏற்காடு, மங்களூர் மெயில் என்று ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டே இருக்கும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து பயணிகள் ரயிலெல்லாம் நின்றுபோனது. எங்களுக்கு நிம்மதியான தூக்கம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை! எப்போதாவது போகிற கூட்ஸ் வண்டியைத் தவிர ஊரே கப்சிப். அந்த அமைதியே எழுப்பிவிட்டது. சத்தத்துக்குப் பழகிய காது, சத்தம் நின்றதும் 'என்னமோ ஆயிடுச்சு' என்று முழித்துக்கொள்கிறது. சில வாரங்களில் அமைதியும் பழகிவிட்டது. மூளையும் அப்படித்தான் பழகிக்கொள்ளும். கொஞ்சம் டைம் கேட்கும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர்கள், 'நாளையிலேர்ந்து தொடமாட்டேன்' என்று வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் ரெண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரலாம். ரெண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதே 2020-ல் மார்ச் 24 சாயங்காலம் மூடிய டாஸ்மாக் கடைகள் மே 7 வரை மூடியே கிடந்தன. தயாராகாமலே நிறுத்த வேண்டிவந்த பலர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதனால், நிறுத்துகிற முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். நிறுத்துகிற முறை டாக்டருடையதாக இருக்கட்டும். குறைந்துபோன வைட்டமின் பி1-ஐ ஈடுகட்டுவதிலிருந்து, முதல் சில நாட்களுக்கான மாத்திரையைக் கணக்காகக் கொடுத்துக் குறைப்பது வரை அவருக்குத்தான் தெரியும்.

சரி, 'ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வருமே' என்கிறார்களே... அது நிஜமா?

வரும். ஆனால், பாதி ராத்திரிக்குத்தான்! நாம் தூங்கும்போது இடையிடையே கண்விழிகள் இமைக்குள் வேகமாக ஓடுகிற ஒரு கட்டம் வருகிறது. கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளெய்ட்மனும் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மது இந்தக் கனவுத் தூக்கத்தை அமுக்கிவிடுகிறது. போதை இறங்கியதும் பின்ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாக உடைகிறது. குடித்தவர் மூணு மணிக்கு நாக்கு வறண்டு எழுந்து உட்காருவது அதனால்தான். அண்ணன் 18 வருஷம் தூங்கியதாக நினைத்தது பாதித் தூக்கம்தான்.

மதுவை நிறுத்தியதும், அமுங்கிக் கிடந்த கனவெல்லாம் கடன்காரர் மாதிரி மொத்தமாக வந்து நிற்கும். அதில் ஒரு கனவு எல்லோருக்கும் பொது. குடிக்கிற மாதிரியே கனவு! கிளாஸ், ஊறுகாய், பழைய கூட்டாளி என்று அத்தனையும் அச்சு அசலாக வரும். அண்ணனுக்கும் ஒருநாள் வந்தது. அலறி எழுந்து அண்ணியை உலுக்கியிருக்கிறார்.

"ஏய்... எழுந்திரு! என் வாயை மோந்து பாரு. நான் குடிச்சிட்டு வந்தேனா?"

பதினெட்டு வருஷமாகச் சந்தேகத்தோடு மோந்து பார்த்த அண்ணி, அன்றைக்குத்தான் அவரே கேட்டு மோந்து பார்த்திருக்கிறார். "வெத்தலை வாசனை மட்டும்தான் வருது... படுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாராம். என்னிடம் சொல்லும்போது மட்டும் அழுதார்.

இப்படிக் கனவு வந்தால் பயப்படாதீர்கள். அது நீங்கள் தோற்றதற்கு அடையாளம் இல்லை. திடுக்கிட்டு எழுந்தீர்களே... அந்தத் திடுக்கிடல்தான் நீங்கள்.

அடுத்து, எண்ணங்கள். கனவாவது தூங்கினால்தான் வரும். இது முழித்திருக்கும்போதே வரும். அடகில் போன நகை, பிள்ளையின் பீஸ் கட்ட வைத்திருந்து குடித்துத் தீர்த்த பணம், அப்பா சாவுக்கு நிற்க முடியாமல் நின்றது... பகலில் வேலை இருக்கும், பேச்சு இருக்கும். ராத்திரியில் மனசு கந்துவட்டிக்காரன் மாதிரி கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். 'நினைக்காதே, நினைக்காதே' என்று விரட்டினால் போகுமா?

வைத்தியர் கதை உங்களுக்குத் தெரியும். "மருந்தைச் சாப்பிடு. ஆனா, சாப்பிடும்போது குரங்கை மட்டும் நினைச்சுடாதே!" என்றாராம். அதுவரைக்கும் குரங்கை நினைக்காதவன், அதற்கப்புறம் மருந்தைக் கையில் எடுத்தாலே குரங்கு! 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்கிற உளவியலாளர் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். அங்கே குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. 'அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்தால் மணியடிக்க வேண்டும்' என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது! அமுக்கி வைத்துவிட்டு அப்புறம் நினைக்கச் சொன்னபோது, இன்னும் அதிகமாக வந்தது.

ஆக, விரட்ட வேண்டாம். வாய்தா கொடுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருக்கட்டும். 'சீட்டுக் கடன் பாக்கி... நாளை காலை பத்து மணி' என்று ஒரு வரி எழுதி மூடுங்கள். காலையில் காபி குடித்துவிட்டு எடுத்துப் படியுங்கள். ராத்திரி மலையாக நின்றது, பகலில் மூட்டை சைஸுக்கு வந்திருக்கும். மூட்டையைத் தூக்கலாம். அண்ணன் எழுதிய முதல் வரியை எனக்குக் காட்டினார். 'பாப்பா என்னைப் பார்த்து பயப்படுது.' அதற்குக் காலை பத்து மணிக்கும் பதில் இல்லைதான். ஆனால், அன்றிலிருந்து தினமும் பாப்பாவை டியூஷனிலிருந்து அவரே கூட்டி வந்தார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு சொல்கிற தீர்ப்பு எதையும் அப்போதே நிறைவேற்றாதீர்கள். 'இன்னிக்கு மட்டும் குடி' என்றாலும் சரி, 'நீ இருந்து என்ன பிரயோஜனம்' என்றாலும் சரி. இந்த ரெண்டாவது எண்ணம் வந்தால் நோட்டு போதாது. பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புங்கள். எழுப்ப ஆளில்லையா? 14416 என்கிற 'டெலி மனஸ்' எண்ணுக்குப் போன் போடுங்கள். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்தது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

போன் பண்ணுவதெல்லாம் ஒரு வைத்தியமா என்று தோன்றுகிறதா? உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஏ.ஏ. எனப்படும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்ததே ஒரு போன் காலில்தான்! 1935 மே மாதம். பில் வில்சன் என்கிறவர் குடியை விட்டு அஞ்சு மாசம் ஆகியிருந்தது. ஆக்ரன் என்கிற ஊருக்குப் போன இடத்தில் வியாபாரம் ஊற்றிக்கொண்டது. ஹோட்டல் வராந்தாவில் நிற்கிறார். ஒரு பக்கம் பார். சிரிப்பும் சத்தமும் கூப்பிடுகிறது. இன்னொரு பக்கம் டெலிபோன். போன் பக்கம் போனார். அங்கே இங்கே விசாரித்து, கடைசியில் குடியை விடமுடியாமல் தவித்த பாப் ஸ்மித் என்கிற சர்ஜனைப் பிடித்தார். 'கால் மணி நேரம்தான்' என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். அந்த வருஷம் ஜூன் 10-ம் தேதியோடு அவரும் நிறுத்தினார். ஒரு குடிகாரரின் ராத்திரியை இன்னொரு குடிகாரரால்தான் முழுசாகப் புரிந்துகொள்ள முடியும் என்று அங்கே கண்டுபிடித்தார்கள். இப்போது நம் ஊர்ப் பக்கங்களிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

இன்னொருவருடைய தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அண்ணியுடைய தூக்கம்.

மூணு மாசம் கழித்து ஒருநாள் அண்ணி சொன்னார். "இப்பல்லாம் அவரு நல்லா தூங்கறாரு தம்பி. எனக்குத்தான் தூக்கம் வர்ல. தாழ்ப்பாள் சத்தம் கேக்குதான்னு காது அங்கியே கீது."

பதினெட்டு வருஷம் தாழ்ப்பாள் சத்தத்தை வைத்தே 'இன்னிக்கு எவ்வளவு' என்று கணக்குப் போட்ட காது. அதற்கும் ஓய்வு வேண்டாமா? பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காகவே 1951-ல் 'அல்-அனான்' என்ற அமைப்பை உருவாக்க முன்னின்றார். நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்தபோது ரொம்ப இளம் வயதுக்காரர். 1980-ல் அவர் ஆரம்பித்த மையம்தான், டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் சொல்வது. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. குடிப்பவருக்கு மட்டுமில்லை, வீட்டாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதில் அங்கே உறுதியாக இருக்கிறார்கள். பாகாயத்திலும் நோயாளியோடு குடும்பத்தார் வந்து தங்குவது 1950-களிலிருந்தே வழக்கம். நோய் வந்தது ஒருவருக்கு. முழித்திருந்தது வீடு மொத்தமும்!

தூக்கத்தை எப்படித்தான் திரும்பப் பிடிப்பது? பெரிய வித்தை எதுவும் இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தாலும், எழுந்திருக்கிற நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஆறு என்றால் ஆறு. ராத்திரி தூங்கவில்லையே என்று மத்தியானம் அடித்துப்போட்ட மாதிரி தூங்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். உள்ளே போன காபீனில் பாதி வெளியேறவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். சிகரெட், பீடியும் அப்படித்தான், தூக்கத்தை விரட்டும். படுத்து இருபது நிமிஷமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் புரண்டுகொண்டே இருக்காதீர்கள். எழுந்து நாற்காலியில் உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில் சாதாரணமாக ஏதாவது செய்யுங்கள். அண்ணன் பூண்டு உரித்தார்! கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். மணி பார்க்காதீர்கள். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பிவையுங்கள். முக்கியமாக, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். ஒரு கடையை மூடிவிட்டு இன்னொரு கடையில் அக்கவுன்ட் ஆரம்பித்த கதையாகிவிடும்.

'எத்தனை நாள் இப்படி?' என்பதுதான் எல்லோரும் கேட்பது. முதல் ஒண்ணு ரெண்டு வாரம் மோசம். அப்புறம் வாரா வாரம் தேறும். சிலருக்கு மாசக்கணக்கில்கூட விட்டுவிட்டுத் தொல்லை இருக்கும். ரொம்ப நாள் இழுத்தால், அல்லது பகலிலும் மனசு இருட்டாகவே கிடந்தால், திரும்ப டாக்டரைப் பாருங்கள்.

இந்தக் கேள்விக்கு அண்ணனே ஒரு பதில் சொன்னார். அவர் அப்பா காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் ஊறவைப்பார்களாம். வாரக்கணக்கில் ஊறும். முதலில் தண்ணிச் சாறு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிச் சாறு. "அவசரப்பட்டு எடுத்தவுடனே கெட்டிச் சாத்துல போட்டா இன்னா ஆவும் தெரியுமா? மேல மட்டும் இறுகிக்கும். வெட்டிப் பார்த்தா உள்ள பச்சையா கீும். நானும் இப்ப ஊறினு கீறேன்பா. மேல ஆயிட்ச்சு. உள்ள ஆவணும்."

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, வேலை செய்கிற இடத்திலோ குடியை விட்டவர் ஒருவர் இருந்தால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரைப் பார்த்ததும் நாம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி, "என்ன, திரும்ப ஆரம்பிச்சிட்டியா?" என்பதுதான். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறோம். ஆனால், அது போலீஸ்காரர் கேட்கிற கேள்வி. அதை விட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்...

"நேத்து ராத்திரி தூங்கினீங்களா?"

'இல்லை' என்று சொன்னால், பக்கத்தில் உட்காருங்கள்.